செட்டியார் இல்லாத கொலு

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேளச்சேரியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில் நாங்கள் நால்வர் மேஜிக் என்னும் கார்டு விளையாட்டை ஆடி முடித்து எழுந்தபோது, உயிர்க்கணக்கு எழுதும் குறிப்பேட்டில் என் பெயருக்குக் கீழே 40 என்ற ஒரே ஓர் எண் இருந்தது. நாங்கள் ஆடுவது கமாண்டர் முறை: அவரவர் கட்டிய நூறு கார்டுக் கட்டோடு, அதாவது டெக்கோடு, அதில் ஒரு கார்டைத் தலைமையாக வைத்து ஆடுவது. அதில் எல்லோரும் 40 உயிரோடுதான் தொடங்குகிறோம். அடி விழும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்துவிட்டு அதன் கீழே புதிய எண்ணை எழுதிக்கொண்டே போகிறோம். மற்ற மூவரின் பெயர்களுக்குக் கீழே அப்படி அடித்தும் திருத்தியும் எழுதிய எண்கள் பக்கத்தின் அடிவரை இறங்கியிருந்தன. என்னுடைய 40இன் மேல் ஒரு கோடுகூட விழவில்லை. நான் வென்றதால் அது அப்படி நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் யாரும் என்னைத் தாக்கவே இல்லை. கடைசியில் எங்களில் இளையவரான, பல்மருத்துவம் படிக்கும் தம்பி, தன்னுடைய எல்ஃப் படையை ஒரே முறையில் ஊதிப் பெருக்கி எங்கள் மூவர் மீதும் ஏவியபோது, ஏற்கெனவே குற்றுயிராக இருந்த மற்ற இருவரோடு சேர்ந்து நானும் விழுந்தேன். அதை எழுதிவைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

நடுவில் ஒருமுறை, என்னைத் தாக்க அந்தத் தம்பிக்கு நல்ல வாய்ப்பு இருந்ததை நானே சுட்டிக்காட்டினேன். அவர் என் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே லேண்டு எனப்படும் நிலக் கார்டுகள் நான்கைத் தவிர வேறொன்றும் இல்லை. "அக்கா, உங்க பக்கம் ஒண்ணுமே இல்லையே, அடிக்க மனசு வரல" என்றார். அதில் ஏளனம் துளியும் கிடையாது. வீட்டுக்காரரான நண்பர், தேநீர் ஊற்றிக்கொண்டே, "டிராகன் டெக்னா டிராகன் வரணும்ல?" என்று மட்டும் கேட்டார். அப்போது என் கையில் ஏழு கார்டுகள் இருந்தன. ஏழும் டிராகன்கள்.

மந்தைவெளிக்குப் பறக்கும் ரயிலில் திரும்பும்போதும், அதற்குப் பிறகு பல வாரங்களும், அந்த இரண்டு வாக்கியங்களும் என்னை விடவில்லை. தோற்பதை நான் பொருட்படுத்துகிறவள் இல்லை. நால்வர் ஆடும் ஆட்டத்தில் மூவர் தோற்றே ஆகவேண்டும். ஆனால், இந்த விளையாட்டில் டிராகன் என்பது அச்சத்தின் உருவம். அதை 41 எண்ணிக்கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒருத்தியின் மீது மேசையில் இருந்த மூவருக்கும் இரக்கம் வந்தது என்றால், நான் கட்டியது டிராகன் டெக்தானா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இருப்பதாக நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மூன்றாகப் பிரிந்த விலங்கு

என் முதல் கார்டு ஷிவன் டிராகன். சிங்கப்பூரில் வளர்ந்த என் அத்தை மகன் ஒரு கோடை விடுமுறைக்கு வந்தபோது தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே இடம்பெற்று, பிறகு பலமுறை மறுஅச்சான டிராகன் அது. அப்போது எனக்கு விளையாட்டும் தெரியாது, விதியும் தெரியாது. மலை முகட்டில் சிறகு விரித்து நிற்கும் அந்தச் செந்நிறப் படத்தைப் பள்ளி நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். லேண்டுகள் தரும் மானா என்ற ஆற்றலில் ஆறைக் கொடுத்து இறக்கவேண்டும், ஐந்துக்கு ஐந்து பலம், பறக்கும், ஒவ்வொரு சிவப்பு மானாவுக்கும் ஒரு பங்கு கூடுதல் நெருப்பைக் கக்கும் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை.

டிராகனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அன்றைக்கே யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். எல்லோரும் முதலில் யாளியைச் சொல்வார்கள். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் இறக்கிவிட்டபோது, புலிக்குகையின் வாயைச் சுற்றிப் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய யாளித் தலைகளைப் பார்த்து, இதுதான் அது என்று நானும் நினைத்தேன். ஆனால் யாளிக்குச் சிறகு இல்லை, நெருப்பு இல்லை, முக்கியமாகப் பொன்மேல் ஆசை இல்லை. பொன்னைக் காப்பது நம் கதைகளில் பூதத்தின் வேலை. புதையல் காத்த பூதம் தானும் செலவழிக்காது, பிறரையும் எடுக்க விடாது. செதிலும் நஞ்சும் தலைக்குள் ஒளிரும் மாணிக்கமும் நாகத்துக்குப் போய்விட்டன. மேற்கத்தியக் கதைகள் ஒரே உடலில் சேர்த்துவைத்த அச்சத்தை நாம் யாளி, பூதம், நாகம் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் டிராகன் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அது நமக்கு அந்நியமான விலங்கு என்பதால் அன்று. நம்மிடம் இருக்கும் எந்த ஒற்றைச் சொல்லும் அதை முழுதாகத் தாங்கவில்லை என்பதால்.

இந்த அளவுக்கு ஒன்றை நேசிக்கிறவள் அதற்கு ஒரு டெக் கட்ட முனைந்தால் எப்படிக் கட்டுவாள் என்பதை ஊகிப்பது கடினமில்லை. தலைமைக்கு, 2017இல் கமாண்டர் டெக் ஒன்றோடு வந்த தி ஊர்-டிராகனை வாங்கினேன். அந்த 'ஊர்' ஜெர்மானிய முன்னொட்டு. ஆதி, மூலம் என்று பொருள். தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் எல்லைக்காவல் தெய்வம்போல ஊருக்கே பொதுவான டிராகன் என்று படிக்கத் தோன்றுகிறது. அந்தப் பொருளும் எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஒன்பது மானா விலை, பத்துக்குப் பத்து பலம், மானாவின் ஐந்து நிறமும் அதற்கு உண்டு. எனவே எந்த நிறத்து டிராகனையும் டெக்கில் சேர்க்கலாம். அதைவிட, அது களத்துக்கு வராமல் தன் தனியிடத்தில் வெறுமனே இருந்தாலே மற்ற டிராகன்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா விலை குறையும். இந்தச் சலுகை இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். தலைமை போக மீதி 99 கார்டுகளில் 41 டிராகன்கள், 34 லேண்டுகள், மானாவைப் பெருக்கும் கார்டுகள் நான்கு, மிச்சம் இருபதும் பெயரிலாவது படத்திலாவது டிராகன் இருப்பவை.

எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பழைய விவாதம் ஒன்று உண்டு. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், எது வெல்லுமோ அதைக் கட்டுகிறவர்கள் மறுபக்கம். எல்லா டெக்கிலும் வரும் அதே முப்பது நல்ல கார்டுகளை அடித்தளமாகப் போட்டு, மேலே பத்து டிராகன்களை அடுக்கி, அதற்கு டிராகன் டெக் என்று பெயர் வைப்பது மாறுவேடம் என்பது என் கட்சி. கருப்பொருள் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் கொடுக்கும் வாக்கு, அந்த வாக்கை ஒவ்வொரு கார்டும் காப்பாற்றவேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கருத்தின் பெரும்பகுதியை நான் இன்னும் கைவிடவில்லை. ஆகஸ்ட் மாத ஆட்டத்தில் உடைந்தது அதன் ஒரு மூலை மட்டும். ஆனால் பாரம் முழுவதும் அந்த மூலையில்தான் நின்றிருந்தது என்று பிறகு தெரிந்தது.

கீழ்ப்படி

செப்டம்பரில் மகாளய அமாவாசைக்கு முந்தைய சனிக்கிழமை, அம்மா பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் ஏழு படி. இரும்பு டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே வேட்டியை விரித்துக் கட்டும் படிகள். கடையில் விற்கும் மடக்குப் படியை அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பொம்மைகளில் பாதி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஆண்டுக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தவை, மீதி பாட்டி காலத்தவை. அம்மா கூடத்தின் ஒரு பக்கத்தில் வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டிருக்க, மறுபக்கத்துத் தரையில் நான் என் டெக்கைப் பரப்பியிருந்தேன். லேண்டுகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை விலைவாரியாக வரிசைப்படுத்தியிருந்தேன்: ஒரு மானா விலையுள்ளவை எனக்கு மிக அருகில் கீழ் வரிசையில், இரண்டு மானா அதற்கு மேல், அப்படியே ஏறி, ஏழும் எட்டும் ஒன்பதும் சுவரோரம். இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் அனைவரும் செய்கிற காரியம்தான் அது. கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு வரைபடமாக வரும். நானும் அந்த வரைபடத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் அது எனக்கு எதையும் சொன்னதில்லை.

அம்மா கையில் துணியோடு எழுந்து சமையலறைக்குப் போகிற வழியில் என் தலைக்கு மேலே ஒரு கணம் நின்றார். அவருக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. தரையில் வரிசை வரிசையாக இருந்த சித்திரங்கள் அவர் கண்ணுக்குப் படிகளாகத் தெரிந்திருக்கவேண்டும். "ஏண்டி, மேல மேல அடைச்சு வெச்சிருக்க, கீழ ரெண்டு படி காலியா இருக்கே? செட்டியார் பொம்மை எங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

கொலு வைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மேல்படியில் கலசமும் தெய்வங்களும், நடுவில் மகான்களும் மனிதர்களும், அடியில் செட்டியாரும் செட்டிச்சியும் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம், மஞ்சள் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருக்கும். சிறுமியாக இருந்தபோது ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கிண்ணங்களை நிரப்புவது என் பொறுப்பு. மேலே தசாவதாரம் முழுதாக இருந்தும் ஓர் ஆண்டு செட்டியாரின் கை உடைந்துபோனதற்காகப் பாட்டி சாயங்காலத்தோடு சாயங்காலமாக மாட வீதிக்கு ஆள் அனுப்பிப் புதிய பொம்மை வாங்கிவரச் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. கடை இல்லாமல் ஊர் எப்படி நடக்கும் என்று அன்று அவர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். ஒரு மானா வரிசையில் மானாவைப் பெருக்கும் சோல் ரிங் மட்டும் இருந்தது. இரண்டு மானா வரிசையில் நான்கு கார்டுகள். மூன்றில் எண்ணிச் சில. அதற்கு மேலே, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுவரை முட்டிக்கொண்டு டிராகன்கள். மகாராஜாக்களை மட்டும் குடிவைத்து ஒரு நாட்டைக் கட்டியிருந்தேன்.

அன்றிரவு பதினொன்றாம் வகுப்பில் படித்த சேர்வுக் கணக்கை மறுபடி கையில் எடுத்தேன். 99 கார்டுகளில் 34 லேண்டுகள் இருந்தால், ஆடும் முறை எனக்கு ஆறாவது தடவை வரும்வரை பார்க்கக் கிடைக்கும் 13 கார்டுகளில் சராசரியாக நாலரை லேண்டுகளே வரும். என் டிராகன்களின் சராசரி விலையோ ஏறத்தாழ 6 மானா. ஊர்-டிராகனின் சலுகையைக் கழித்தாலும் ஐந்து. அப்படியென்றால் பாதி ஆட்டங்களில், ஆறாம் முறையிலும் நான் ஒரு டிராகனைக்கூட இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன். மானாவைப் பெருக்கும் கார்டுகள் நான்கு மட்டும் இருக்கும்போது, தொடக்கத்தில் கைக்கு வரும் ஏழு கார்டுகளில் அவற்றில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 26. அதையே 14 ஆக்கினால் 67. ஆகஸ்டில் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிர்ஷ்டத்துக்கும் அந்த மாலைக்கும் தொடர்பு குறைவு. நான்கில் மூன்று முறை அப்படித்தான் தொடங்கும்படி நானே கட்டியிருந்தேன்.

லேண்டுகளிலும் இதே தவறு. எல்லா நிறமும் சமம் என்ற நியாய உணர்வோடு சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு ஐந்தையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் போட்டிருந்தேன். இந்த ஐந்து நிலங்களைப் பார்க்கும் தமிழர் எவருக்கும் ஐந்திணை நினைவுக்கு வரும். சதுப்புக்கு மட்டும் நம் திணையில் இடமில்லை, ஆனால் நாங்கள் ஆடும் வேளச்சேரி வீட்டுக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் அது நிஜமாகவே விரிந்து கிடக்கிறது. ஆனால் திணைகளுக்குள் சமத்துவம் பார்ப்பது வேறு, டெக் கட்டுவது வேறு. மற்ற நிலங்களைத் தேடி எடுத்துவரும் மந்திரங்கள் பெரும்பாலும் பச்சை. ஃபார்ஸீக்கும் கல்டிவேட்டும் கையில் இருந்து காடு இல்லையென்றால் அவை வெறும் காகிதம். டிராகன்களில் பெரும்பான்மை சிவப்பு. எனவே முதல் மூன்று முறைக்குள் காடு ஒன்று வந்தாகவேண்டும், பிறகு மலை வரவேண்டும், மற்ற மூன்று நிறங்களையும் அந்த இரண்டும் சேர்ந்து தேடிக்கொடுக்கும். இப்படி ஒரு வரிசை இருக்கிறது என்பதையே நான் அதுவரை யோசித்ததில்லை.

வெளியே போனவை

41 டிராகன்களில் 26ஐ வைத்துக்கொண்டு 15ஐ எடுத்தேன். எழுதும்போது எளிதாக இருக்கிறது. இரண்டு வாரம் ஆயிற்று. முதலில் போனவை எவை என்று சொன்னால், இந்த ஆட்டம் தெரிந்தவர்களுக்கு என் வருத்தம் புரியும். 1994இல் லெஜண்ட்ஸ் தொகுப்பில் வந்த மூத்த டிராகன்கள் ஐவர்: நிக்கோல் போலாஸ், குரோமியம், ஆர்கேட்ஸ் சபோத், பல்லாடியா-மோர்ஸ், வேவிக்டிஸ் அஸ்மாடி. இன்று கமாண்டர் என்று எல்லோரும் ஆடும் முறைக்குப் பழைய பெயர் எல்டர் டிராகன் ஹைலேண்டர். இந்த ஐவரால் வந்த பெயர் அது. 1995இல் மறுஅச்சான வெள்ளை ஓரப் பிரதிகள் ஐந்தையும் நான் பாடுபட்டுச் சேர்த்திருந்தேன். இவர்கள் இல்லாமல் ஒரு டிராகன் டெக்கா என்று நானே மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொருவருக்கும் எட்டு மானா விலை, ஏழுக்கு ஏழு பலம். அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். அவர்கள் களத்தில் இருக்கும்வரை, என்னுடைய ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் தத்தம் மூன்று நிறங்களில் ஒவ்வொரு மானா கட்டவேண்டும். கட்டத் தவறினால் அவர்களைப் பலிகொடுக்கவேண்டும். இந்த விதியை நான் நெடுநாள் பழைய காலத்து வடிவமைப்பின் குறையாகவே கருதிவந்தேன். செட்டியார் பொம்மையைப் பற்றிய கேள்விக்குப் பிறகு அந்த வரியை மறுபடி படித்தபோது, அது வேறாகத் தெரிந்தது. டிராகன் தின்னும். நாள்தோறும் தின்னும். அதற்குப் படியளக்க ஆள் வேண்டும், நிலம் வேண்டும், ஆட்டு மந்தை வேண்டும். அதை அந்தக் கார்டு முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. என் டெக்கில் படியளக்க ஒருவரும் இல்லை. மூத்தவர்கள் ஐவரையும் எடுத்துத் தனி உறையில் வைத்தேன். அவர்களை அவமதிப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டினி போட்டு வைத்திருந்ததற்கு இது மேல்.

காலியான இடங்களுக்கு ஆட்களைத் தேடத் தொடங்கியபோது, தேடவேண்டியதே இல்லை என்பதுபோல அவர்கள் வரிசையில் நின்றார்கள். 2003இல் ஸ்கர்ஜ் தொகுப்பில் வந்த டிராகன்ஸ்பீக்கர் ஷாமன் மூன்று மானா விலையுள்ள மனிதர். அவர் இருந்தால் ஒவ்வொரு டிராகனுக்கும் இரண்டு மானா குறையும். 2015இல் டிராகன்ஸ் ஆஃப் டார்கிர் தொகுப்பில் வந்த டிராகன்லார்ட்ஸ் சர்வண்ட் இரண்டு மானா விலையுள்ள கோப்ளின் பணியாள். அவர் ஒரு மானா குறைப்பார். அந்தப் பணியாளின் கார்டில் அடியில் சாய்ந்த எழுத்தில் இருக்கும் குறிப்பை நான் அதுவரை படித்ததே இல்லை. அட்டார்கா என்ற டிராகனுக்கு உணவு பரிமாறும் கோப்ளின்கள், அந்த உணவோடு தங்களையும் சேர்த்து விழுங்கிவிடாமல் இருக்க, உடம்பெல்லாம் நாற்றமடிக்கும் பச்சிலைக் கொழுப்பைப் பூசிக்கொள்கின்றனவாம். அது ஒரு டிராகன் கார்டு இல்லை. ஆனாலும் அட்டார்கா எத்தனை பெரிது, அதன் பக்கத்தில் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை, எட்டுக்கு எட்டு பலம் என்று அச்சிட்ட அட்டார்காவின் சொந்தக் கார்டைவிட இந்தப் பணியாளின் கார்டு எனக்குத் தெளிவாகக் காட்டியது. டிராகன் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு டிராகனைக் காட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

டார்கிர் என்ற அந்தக் கற்பனை உலகின் கதையே அப்படிப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அங்கே முதலில் குலங்கள் டிராகன்களை அழித்துவிட்ட உலகம் ஒன்று வருகிறது. சார்கான் என்ற மந்திரவாதி காலத்தில் பின்னோக்கிப் போய் உகின் என்ற ஆவி டிராகனின் உயிரைக் காப்பாற்றியதால் வரலாறு மாறி, ஓஜுடாய், சிலும்கார், கோலகான், அட்டார்கா, டிரோமோகா என்ற ஐந்து டிராகன் அதிபதிகள் ஆளும் உலகமாகிறது. குலங்கள் அழியவில்லை, அதிபதிகளுக்குக் கீழே வேலை செய்கின்றன. அந்த உலகத்தின் தெருக்களையும் அடுப்படிகளையும் விட்டுவிட்டு அதிபதிகள் ஐவரை மட்டும் நான் பொறுக்கி எடுத்திருந்தேன்.

ஹேவன் ஆஃப் த ஸ்பிரிட் டிராகன் என்ற லேண்டு, டிராகன்களுக்கு எந்த நிற மானாவும் தரும். வேண்டும்போது தன்னையே கொடுத்து, இறந்த டிராகன் ஒன்றைக் கைக்கு மீட்டும் தரும். டிராகன்ஸ் ஹோர்டு, டிராகன் வரும்போதெல்லாம் ஒரு பொன் சேர்த்துவைத்து, அந்தப் பொன்னுக்கு ஒரு கார்டு கொடுக்கும். புதையல் காத்த பூதத்தின் பங்கு அது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். க்ரக்ஸ் ஆஃப் ஃபேட், எல்லா டிராகன்களையும் அழி, அல்லது டிராகன் அல்லாத எல்லா உயிர்களையும் அழி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்கிறது. இத்தனை பொருத்தமான கார்டு என் டெக்கில் இல்லாமல் இருந்ததற்குக் காரணம், அது ஒரு டிராகன் இல்லை என்பது மட்டுமே.

எல்லாம் இப்படி இணங்கிவிடவில்லை. சோல் ரிங்குக்கும் கல்டிவேட்டுக்கும் டிராகனோடு எந்த உறவும் இல்லை. அவற்றுக்கு இடம் கொடுத்தபோது என் பழைய கட்சி எனக்குள் எதிர்த்தது, இப்போதும் எதிர்க்கிறது. ஃபார்ஸீக்கைப் போட்டுவிட்டு, மலைகளையும் காடுகளையும் மட்டும் டார்கிர் தொகுப்புகளின் ஓவியங்களாக மாற்றினேன். அது சமாதானமா, சாக்கா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஷிவன் டிராகனையும் எடுக்கவில்லை. இன்றைய டிராகன்களோடு ஒப்பிட்டால் ஆறு மானாவுக்கு அது கொடுப்பது சொற்பம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். அது என் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது, அது இருக்கும்.

புதிய கார்டுகள் வந்துசேர நாளாகும் என்பதால், எங்கள் வழக்கப்படி பழைய கார்டு ஒன்றின் முன்னால் துண்டுத்தாளைச் செருகி உறைபோட்டு ஆடிப் பார்த்தேன். அந்தத் துண்டுகளில் கார்டின் பெயரை எழுதாமல், பென்சிலால் செட்டியார் என்று எழுதி, கீழே அது செய்யும் வேலையை எழுதினேன். மொத்தம் 14 செட்டியார்கள். 37 லேண்டுகள், 26 டிராகன்கள், மீதி 22 மற்றவை.

மீண்டும் வேளச்சேரி

விஜயதசமிக்கு அடுத்த ஞாயிறு அதே மாடியறையில் அதே நால்வர் உட்கார்ந்தோம். கொலுவில் மீந்த சுண்டலை அம்மா டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் முறையில் காடு வைத்தேன். இரண்டாம் முறையில் மலையை வைத்து, டிராகன்லார்ட்ஸ் சர்வண்டுக்கான துண்டுத்தாளை இறக்கினேன். பல்மருத்துவத் தம்பி அதை எடுத்துப் படித்துவிட்டு, "செட்டியார்னா எந்த கார்டுக்கா?" என்றார். சொன்னேன். மூன்றாம் முறையில் டிராகன் டெம்பஸ்ட். என் பக்கம் பறக்கும் உயிர் எது வந்தாலும் உடனே தாக்கும்படி செய்து, டிராகன் வந்தால் என் களத்தில் இருக்கும் டிராகன்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சேதமும் விளைவிக்கும் அது. நான்காம் முறையில் நான்காவது லேண்டை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தபோது ஷிவன் டிராகன் இருந்தது. விலை ஆறு. ஊர்-டிராகனால் ஒன்று குறைந்தது, செட்டியாரால் ஒன்று குறைந்தது. நான்கு லேண்டுகளையும் திருப்பி அதை மேசையில் வைத்தேன்.

வரும்போதே அது தம்பியை ஒரு புள்ளி சுட்டது. அதே முறையில் பறந்து போய் ஐந்து அடித்தது. அவர் 40ஐ அடித்துவிட்டு 34 என்று எழுதினார். பேனாவை வைக்காமல் என் பக்கத்து மேசையை மெதுவாக ஒருமுறை பார்த்தார். முதலில் டிராகனைப் பார்த்தார், பிறகு அந்தத் துண்டுத்தாளைப் பார்த்தார். "இனிமே உங்கள சும்மா விட முடியாதுக்கா" என்றார். தன் முறை வந்ததும் அவர் முதலில் கொன்றது ஷிவனை அல்ல, செட்டியாரை.

அதற்குப் பிறகு மூவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்கூடப் பேசி வைத்துக்கொள்ளாமல் என் மேல் திரும்பினார்கள். தாங்கிப் பார்த்தேன், இன்னும் இரண்டு டிராகன்கள் வந்தன, ஒன்றை க்ரக்ஸ் ஆஃப் ஃபேட்டுக்குப் பிறகு வெறுமையாகிப்போன களத்தில் தனியாகப் பறக்கவிட்டு வீட்டுக்காரரை வீழ்த்தினேன். ஒன்பதாம் முறையில் நான் விழுந்தேன். சுண்டல் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

அன்றைய உயிர்க்கணக்குத் தாளை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் பெயருக்குக் கீழே 40, 37, 31, 22, 20, 11, 4 என்று ஒவ்வொன்றும் அடித்து அடித்து எழுதப்பட்டு, நாலின் மேலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. நிஜ டிராகன்லார்ட்ஸ் சர்வண்ட் நவம்பரில் வந்துசேர்ந்தது. துண்டுத்தாளை உறையிலிருந்து உருவி, நான்காக மடித்த அந்தக் கணக்குத் தாளோடு டெக் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.